ஆமெனுக்கு முன்னால்

நேற்று சாயங்காலம் மாடிப்படியில் நின்றபடி செல்வதாஸ் போனில் யாரிடமோ சொன்னதை, கீழே துணி மடித்துக்கொண்டிருந்த ஜினி கேட்டுவிட்டாள்.

"பாஸ்போர்ட் எனக்க பையிலயாக்கும் கெடக்கு. பெறவு அவ எங்க போவா?"

செல்வதாஸ் அவளுடைய அக்கா ஜெஸ்பினின் கணவர். தக்கலையில் இருக்கும் இந்தக் குடும்பத்தில் பஸ்ஸில் யார் ஜன்னலோரம் உட்காருவது என்பதிலிருந்து கல்லறையில் என்ன எழுதுவது என்பது வரை தீர்மானிக்கிறவர். மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை, வேறு யார் பார்ப்பார் என்று அவரே கேட்டுக்கொள்வார். பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

பாஸ்போர்ட் அவர் கைக்குப் போன விதம் எளிது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொடைக்கானலுக்கு மூன்று நாள் பயணம் என்று ஏற்பாடு செய்தார். ஓட்டலில் அறை கொடுக்க அடையாள அட்டை கேட்பார்கள். நகல் போதும்தான். செல்வதாஸ் எல்லாருடைய அசலையும் வாங்கி, நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டுகிற ஒரு ஜிப் பையில் போட்டுக்கொண்டார். ஜினியின் ஆதாரில் பழைய முகவரி இருக்கிறது, பாஸ்போர்ட்டைக் கொடு என்றார். கொடுத்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் நர்ஸ் வேலைக்காகக் குவைத்தில் இறங்கிய அன்று ஏஜென்ட் ஒருவன் இதேபோல் கை நீட்டினான். திரும்ப வாங்க ஏழு வாரம் ஆனது. அங்கே பிடுங்கினார்கள். இங்கே அவளே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அத்தான்மேல் வந்த வெறுப்பில் பாதி அவளுக்குத் தன்மேலேயே வந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் கொச்சியில் விசா மையத்தில் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்காக இடம் வைத்திருக்கிறது. தேதி தவறினால் அடுத்தது மார்ச். மார்ச் வரை அந்த இடம் காத்திருக்காது.

இன்று டிசம்பர் இருபத்தெட்டு.

காலை எட்டரை மணிக்கு வாசலில் பன்னிரண்டு சீட்டு வேன் வந்து நின்றது. போகிறவர்கள் ஐந்து பேர். ஜினி, அக்கா, அத்தான், அப்பா சத்தியநேசன், அம்மா ஞானபாய். ஐந்து பேருக்குக் கார் போதும். ஆனால் காரில் போனால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

செல்வதாஸ் பயணத் திட்டத்தை அச்சடித்து, லேமினேஷன் செய்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். லேமினேஷன் மழைக்காக அல்ல. அதன்மேல் பேனாவால் எதையும் திருத்த முடியாது.

ஜினி நேராகவே கேட்டாள். பாஸ்போர்ட் வேண்டும் என்றாள். செல்வதாஸ் பையைத் தட்டிக் காட்டி, இதைவிடப் பத்திரமான இடம் தக்கலையில் இல்லை என்று சிரித்தார். புறப்படுகிற நேரத்தில் முகத்தைத் தூக்கிவைக்காதே என்று அப்பா சொன்னார். அப்பாவுக்குக் காலை வேளைகள் கெடக்கூடாது. மற்றது எது கெட்டாலும் சம்மதம்.

பிறகு ஜெபம்.

இந்த வீட்டு ஜெபம் நடக்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்குச் சங்கிலி ஜெபம் என்று பெயர். ஒருவர் தொடங்குவார். அவர் மூச்சுவிடுகிற இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கடைசியாக எடுத்தவர்தான் முடிக்க வேண்டும். அவர் முடித்தபின் எல்லாரும் சேர்ந்து ஆமென். அதுவரை யாரும் கண் திறக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. இதை ஏற்படுத்தியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தியிருப்பார்கள். ஆனால் யாரும் குறுக்கே பேச முடியாத ஒரு மேடையைக் கட்டிவைத்தால் அதில் செல்வதாஸ் மாதிரி ஆள்தான் முதலில் ஏறுவார்.

ஜெஸ்பின் கணக்கு டீச்சராக இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், வேலையை விட்டு வீட்டைக் கவனிக்க ஜெஸ்பினுக்கு நல்ல தீர்மானத்தைக் கொடுத்த ஆண்டவருக்குச் செல்வதாஸ் நன்றி சொன்னார். அப்படி ஒரு தீர்மானம் தனக்கு இருப்பது ஜெஸ்பினுக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பழக்கத்தில் அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? ஆமென் என்பது இந்த வீட்டில் பத்திரத்தில் போடுகிற கையெழுத்து. ஜெபித்த காரியம் என்பார்கள். ஜெபித்த காரியத்தை மாற்றுகிறவள் குடும்பத்தோடு மட்டும் மோதுகிறவள் இல்லை.

இன்றைக்குக் காலை ஜெபத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை. டயர்களுக்காகவும் சீதோஷ்ணத்துக்காகவும் பதினோரு நிமிடம் வேண்டிக்கொண்டார்கள். டிரைவர் அனிஷ் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தான்.

வேனில் நடு சீட்டுகள் பெட்டிகளுக்கு. செல்வதாஸ் அவற்றுக்கு பெல்ட்கூடப் போட்டிருந்தார். ஒரு சீட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய கேக் பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகாத மகளுக்குக் கடைசி வரிசை.

வேனில் கடைசி வரிசை ஏன் தூக்கிப் போடுகிறது? பின்சக்கரத்துக்கு முன்னால் இருப்பவர்கள் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏறினாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்தடையில் சக்கரம் ஒரு சாண் ஏறினால் அந்த நீட்டம் ஒன்றரைச் சாண் ஏறி, அதே வேகத்தில் இறங்கும். உட்கார்ந்திருப்பவர் சீட்டைவிட்டு எழும்பி, சீட்டு போனபின் வந்து சேருவார். தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை எத்தனை வேகத்தடை என்று ஜினியின் இடுப்புக்கு இப்போது தெரியும்.

செல்வதாஸ் டிரைவருக்குப் பக்கத்தில். வழி காட்டவாம். தக்கலைக்காரன் ஒருவனுக்கு நாகர்கோவிலுக்கு வழி காட்ட ஒரு ஆள். உண்மைக் காரணம் அவருடைய வயிறு. காதுக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பு உடம்பு அசைகிறது என்று சொல்லும். கண் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை குழம்பும், வயிறு கலங்கும். முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒன்றையே சொல்லும். ஜினி இதை நர்சிங் முதல் வருடத்தில் படித்தாள். அனிஷ் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தான்.

"சாருக்கு இந்த சீட்டு தான் செரி. போன மாசம் குத்தாலத்துக்கு போன ஓர்மை எனக்கு இப்பமும் உண்டு" என்று சொல்லி, கதவுப் பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர் செருகிவைத்தான்.

அம்மா தன் வைத்தியத்தை மடியில் வைத்திருந்தாள். கைப்பையிலிருந்து எடுத்த ஒரு எலுமிச்சம்பழம். நகத்தால் தோலைக் கீறி முகர்வாள். அரை மணிக்கொரு தடவை புதிதாக ஒரு கீறல். வேன் முழுக்க டீசலும் ரெக்சினும் நாற, அம்மாவைச் சுற்றி மட்டும் எலுமிச்சை.

சுங்கான்கடை தாண்டியதும் அம்மா பின்னால் திரும்பி, வாழையிலையில் பொதிந்த அவித்த ஏத்தன் வாழைப்பழத்தை நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது. பிளாஸ்கிலிருந்து காப்பி. பிளாஸ்கில் காப்பி ஊற்றுமுன் கொதிநீரை ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்கண்ணாடி காப்பியின் சூட்டைக் குடித்துவிடும். அம்மா இதை ஒருபோதும் மறந்ததில்லை. அம்மா வாய்திறந்து ஜெபித்ததும் ஒருபோதும் இல்லை. சங்கிலி தன்னிடம் வந்தால் தலையைக் குனிந்து அடுத்தவருக்கு விட்டுவிடுவாள்.

நாகர்கோவிலில் பெட்ரோல் பங்க் கழிப்பறை. வாளி இருந்தது, கப் இல்லை. கப் இருந்த இன்னொன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஜெஸ்பின் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஜினி போய் வந்தாள். பிறகு ஜினி பிடித்தாள். செல்வதாஸ் இறங்கவில்லை. திட்டத்தில் இந்த நிறுத்தத்துக்கு ஆறு நிமிடம்தான், ஒன்பது ஆகிவிட்டது என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அதன்பின்தான் ஜினி கவனித்தாள். கொடைக்கானலுக்குப் போகிற வண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போக வேண்டும். இது சுசீந்திரம் தாண்டி, கொட்டாரத்தில் திரும்பி, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், கொடைக்கானலு கடலுக்குள்ளயா இருக்கு?"

"பிளான்ல எழுதி இருக்கு. நீ வாசிச்சியா?"

வாசித்தாள். 10.40 முதல் 11.25 வரை, வட்டக்கோட்டை, புகைப்படம். இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன எல்லாரையும் போல அவளும் வட்டக்கோட்டையை ஐந்து தடவை பார்த்தவள். மூன்று நாள் விடுமுறையில் யாராவது தன் வீட்டுக் கிணற்றைப் பார்க்கப் புறப்படுவார்களா?

அவள் ரிப்பன் கட்டிய கேக் பெட்டியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். ஜெஸ்பின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோட்டைக்குள் சரிவில் ஏறி மேல்தளத்துக்குப் போனார்கள். கருங்கல் காலை வெயிலை வாங்கிக் காலுக்குக் கொடுத்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தூரத்தில் காற்றாலைகள். சுற்றுலா வந்தவர்கள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, ஒட்டாமல், ஒரு குடும்பம் நின்றது. தகப்பனார் முழுக்கைச் சட்டையில். தாயார் பட்டுப்புடவையில், கழுத்தில் வியர்வை வழிய. முப்பது வயதில் ஒருவன், புதுச் செருப்பு கடித்துக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"அட, நீங்க எப்படி இங்க?" என்றார் செல்வதாஸ். அவருக்கு நடிக்கவும் வராது. கையில் கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆச்சரியப்பட்டார்.

பையன் பெயர் பெனிஷ். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. தாயார் ஜினியின் கையைப் பிடித்து, வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்தது நல்ல காரியம் மக்கா என்றார். ஜினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். அலைகள் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டன.

"ஒரு வார்த்த ஜெபிச்சிட்டு பேசுவோம்" என்றார் செல்வதாஸ்.

அப்போதுதான் ஜினிக்கு முழுத் திட்டமும் புரிந்தது. பேச்சு என்று ஒன்று கிடையாது. ஜெபம்தான் பேச்சு. ஆமென்தான் நிச்சயம். அதற்குப் பிறகு இவள் மறுத்தால், இரண்டு குடும்பமும் கடவுளும் சேர்ந்து முடித்ததை மறுத்தவள் ஆவாள். பாஸ்போர்ட் அத்தான் பையிலேயே தூங்கும். ஜனவரி இரண்டு வந்து போகும்.

எட்டுப் பேரும் வட்டமாக நின்று கண்ணை மூடினார்கள். அப்பா தொடங்கினார். வானத்துக்கும் சமுத்திரத்துக்கும் நன்றி சொல்லி நிறுத்தினார். செல்வதாஸ் இரண்டு கைகளையும் உயர்த்தி எடுத்துக்கொண்டார். அவர் ஜெபத்தில் எப்போதும் கையை உயர்த்துவார்.

தற்செயலாக இந்த இரண்டு குடும்பங்களையும் சந்திக்கச் செய்ததற்காக அவர் நன்றி சொன்னார். பிள்ளைகளின் மனதில் சம்மதத்தைக் கொடுத்ததற்காக நன்றி சொன்னார். லெந்து நோன்பு நாட்களுக்கு முன்னதாகக் கல்யாணத் தேதியையும், இருபது மைல் சுற்றுவட்டாரத்திலேயே பெரிய மண்டபத்தையும் ஆயத்தப்படுத்தியதற்காக நன்றி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி நிறுத்தினார். முடிவுக்கு முன்னால் அப்படி ஒரு நிறுத்தம் வைப்பது அவர் வழக்கம். கேட்பவர்களுக்குப் புல்லரிக்க வேண்டும் என்று.

சங்கிலி ஜெபத்தில் மூச்சுவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். தன் குரலின் அழகில் மயங்கிய அந்த மனிதருக்கு அது மறந்துபோயிற்று.

"எங்கள் பரலோகப் பிதாவே" என்றாள் ஜினி. "அத்தான் விட்ட இடத்திலிருந்து நான் சொல்லுகிறேன்."

வட்டத்தில் யாரோ செருமினார்கள்.

"ஜனவரி இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு நான் கொச்சியில் என் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும் என்பதை நீர் அறிவீர். அத்தானும் அறிவார். பெண் பார்க்க வந்த இந்தக் குடும்பத்தார் மாத்திரம் அறியாதிருக்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று அவர்களிடம் சொன்னவரை மன்னியும். நான் விடவில்லை, அயர்லாந்து வேலைக்குப் போகிறேன். இந்த வெயிலில் பட்டுப்புடவை கட்டிவந்த அந்த அம்மாவை ஆசீர்வதியும். செருப்பு கடித்து நிற்கிற பெனிஷையும் ஆசீர்வதியும். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை."

"ஸ்தோத்திரம்" என்றார் செல்வதாஸ் அழுத்தமாக. முடி என்று அர்த்தம்.

"ஆம் ஆண்டவரே, அத்தானும் ஸ்தோத்திரம் சொல்லுகிறார். என் பாஸ்போர்ட் அவருடைய நெஞ்சின்மேல் இருக்கிற பையில் இருக்கிறது. அந்தப் பாரத்தை அவரிடமிருந்து இப்போதே நீக்கும். அது என் கையில் வருமட்டும் நான் இந்த ஜெபத்தை முடிப்பதில்லை. எனக்கு நிற்கிறது பழக்கம். பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்தவள் நான்."

சொன்னபடியே முடிக்கவில்லை. டிரைவர் அனிஷுக்காக வேண்டினாள். வேனின் நான்கு டயர்களுக்காகவும் தனித்தனியாக வேண்டினாள். பெட்ரோல் பங்கில் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்காக வேண்டினாள். காலுக்குக் கீழே கல் கொதித்தது. கண் திறந்திருந்தால் செல்வதாஸ் அவளை ஒரு பார்வையிலேயே அடக்கியிருப்பார். ஆனால் சர்ச் சபைக் கமிட்டிச் செயலாளரான அவர், புதுச் சம்பந்தியின் முன்னால், ஜெபத்தின் நடுவில் எப்படிக் கண்ணைத் திறப்பார்? உயர்த்திய கையை எப்படி இறக்குவார்? அவர் கட்டிய மேடை அது. அதில் அவரே மாட்டிக்கொண்டு நின்றார்.

ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அது மெதுவாக, பல் பல்லாக, நிதானமாக இழுபட்டது. ஜினி குரலை விடவில்லை. கொட்டாரத்து வயல்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய உள்ளங்கையில் அட்டை ஒன்று வந்து அமர்ந்தது. அதை வைத்த விரல்கள் அவள் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டன.

எலுமிச்சை வாசனை.

 "கொடுத்த கரத்தை ஆசீர்வதியும்" என்று ஜினி முடித்தாள்.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். பழக்கம் அப்படி. அப்பா சொன்னார், பெனிஷின் தாயார் சொன்னார். செல்வதாஸின் வாயும் அவரைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

கண் திறந்தபோது அம்மா முன்பு நின்ற இடத்திலேயே, கைகளைக் கூப்பியபடி நின்றாள்.

முதலில் பேசியது பெனிஷ். தன்னையும் தன் அப்பாவின் காலேஜ் நண்பர் வீட்டுப் பிக்னிக் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள் என்றான். அவனுடைய தாயார் செல்வதாஸைப் பார்த்தார்.

"எங்கள வெயில்ல நிறுத்தி கள்ளம் பறஞ்சியளா?"

 செல்வதாஸ் கேக் பெட்டியை நீட்டினார். அவர்கள் வாங்கவில்லை.

வேனுக்குத் திரும்பி நடக்கும்போது அவர் ஜினியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஜெபத்துல வெளையாடுவியா நீ?"

"ஜெபிச்ச காரியமாக்கும் அத்தான்" என்றாள் ஜினி. "நீங்களும் ஆமென் சொன்னியளே."

லேமினேஷன் செய்த திட்டத்தில் அடுத்தது கயத்தாறில் மதியச் சாப்பாடு. கொடைக்கானலுக்குப் போவதா வீட்டுக்குத் திரும்புவதா என்று அனிஷ் கேட்டான். எல்லாரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்ததால் கொடைக்கானல் பக்கமே வண்டியை விட்டான். கேக் பெட்டி மறுபடி பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

ஜினி கடைசி வரிசையில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தாள். தடிமன் அதிகமாக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு பாஸ்போர்ட். மேலே அவளுடையது. மூலை மடங்கிய, நான்கு வருடக் குவைத் முத்திரைகள் விழுந்த பழையது.

இரண்டாவது புத்தம் புதியது. திறந்தாள். ஜெஸ்பினின் முகம். வழங்கிய தேதி போன மாதம்.

அக்காவை வேலைக்கே விடாத செல்வதாஸின் பையில் இது இருந்திருக்க முடியாது. முகர்ந்து பார்த்தாள். அட்டையிலும் தாளிலும் எலுமிச்சை ஊறியிருந்தது. நாள் கணக்காக அம்மாவின் கைப்பையில் கிடந்த வாசனை.

முன்சீட்டில் செல்வதாஸ் பையைத் திறந்து அட்டைகளை எண்ணத் தொடங்கினார். சாலையைப் பார்க்காமல் குனிந்து எண்ணியதால் முகம் வெளிறியது. அனிஷ் ஒரு கையால் பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினான்.

ஜெஸ்பின் எழுந்து, பெட்டிகளைத் தாண்டி, கடைசி வரிசைக்கு வந்து ஜினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வேகத்தடையில் இரண்டு பேரும் சேர்ந்து எழும்பி விழுந்தார்கள்.

"அத உனக்கதோட சேத்து வையி மக்கா" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "ரெண்டாம் தேதி கொச்சிக்கு நானும் வாறேன்."